எங்கள் கூடாரத்தில் வைத்த பலாப்பழம்

ஆந்திராவுக்கும் சென்னை ராஜ்யத்துக்கும் எல்லை பிரித்த சமயம். குடுபல்லிக் காட்டோரம் எல்லைக்கல் நட வந்த சர்வே முகாமில் என் கணவர் நிலம் அளக்கும் சங்கிலி பிடித்தார், நான் சமைத்தேன். அங்கே அதிகாரிக்கு யாரோ ஒரு பலாப்பழம் கொடுத்தார்கள்.

“வாசனை புடிச்சிக்கினு கரடி வரும் சார். தூரமா மரத்துல கட்டித் தொங்கவுடறேன்” என்றார் என் கணவர்.

“நீயே தின்னுட்டு, கரடி தின்னுச்சுன்னு சொல்லுவே. உன் கூடாரத்திலேயே வெச்சிக் காவல் இரு” என்றார் அதிகாரி.

மறுநாள் விடிந்ததும் நான் ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். அலறல் கேட்டு ஓடி வந்தால், கூடாரம் கிழிந்து கிடந்தது. கரடி புதருக்குள் நுழைந்துகொண்டிருந்தது. என் கணவர் முகத்தில் மூக்கும் ஒரு கண்ணும் இல்லை. புடவையைக் கிழித்துக் கட்டினேன். அதிகாரி வந்து எட்டிப் பார்த்தார்.

“ஒரு சுளைகூட மிஞ்சலையா?” என்று கேட்டார்.

கணவர் பிழைத்துக்கொண்டார். குழந்தைகள் பயந்து அழுவதால், வெளியே போனால் முகத்தில் துண்டைச் சுற்றிக்கொள்கிறார். காட்டு முகாம்களுக்கு இப்போது நான் மட்டும் சமைக்கப் போகிறேன். சாப்பாட்டு மூட்டையை, ஆட்கள் படுக்கும் இடத்துக்கு வெகுதூரத்தில், உயரமான கிளையில் கயிறு போட்டுத் தொங்கவிடுகிறேன். அதற்கு யாரிடமும் உத்தரவு கேட்பதில்லை.