முள் நகராத மாதங்களில் அம்மன் எனக்குச் செய்தது

என் பெயர் செல்வராணி. டிக்கோயாவுக்கு மேலே, பஸ் திரும்பிப் போகிற கடைசித் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். ஹட்டன் டவுனில் ஒரு தையல் கடையில் ரவிக்கை தைக்கிறேன். எங்கள் தோட்டத்து மாரியம்மன் எனக்குச் செய்ததை, அவளை நம்புகிற உங்களிடம் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உருக்கமாக எழுத எனக்கு வராது. சிலரைப் பற்றி நல்லபடியாகவும் எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

போன வருடம் ஐப்பசி மாதத்தில் தராசு முள் நின்றுவிட்டது. அதுதான் என் கஷ்டம். கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

அதற்கு முன்னால் நான் நூற்று முப்பது கிலோவுக்கு மேல் இருந்தேன். சீனி வருத்தம் என்கிற சர்க்கரை வியாதி இருந்தது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. என் கணவர் கொழும்பில் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை செய்கிறார். பண்டிகைக்கு வந்தவர் நான் தூங்குவதைப் பார்த்துப் பயந்துபோய், இனிப் பொறுக்க முடியாது என்று என்னைக் கொழும்புக்குக் கூட்டிப் போனார். டாக்டர்மார் எல்லாம் சோதித்துப் பார்த்து, இரைப்பையில் பெரும் பகுதியை வெட்டி எடுக்கிற ஆப்பரேஷன் செய்தார்கள். போன வருடம் சித்திரைப் பிறப்பு முடிந்து செய்தது. முதல் மாதங்களில் உடம்பு மளமளவென்று இறங்கியது. தைத்த ரவிக்கையை அடுத்த மாதமே பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது.

அப்புறம் தொண்ணூற்றாறில் வந்து முள் உட்கார்ந்தது. ஒரு வாரம் பார்த்தேன். ஒரு மாதம் பார்த்தேன். டவுனில் பார்மசி வாசலில் இருக்கிற தராசில் தினமும் ஏறினேன். அது என்னைப் பார்த்து அதே எண்ணைச் சொன்னது.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் தண்ணீர் வராவிட்டாலும் யாருக்கும் கவலை இல்லை. கூரைத் தகரம் பறந்தாலும் கவலை இல்லை. என் எடை மட்டும் எல்லாருக்கும் கவலை. மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் குடம் பிடிக்க நின்றால், "என்னடி ராணி, அப்பிடியே நிக்கிற? வெட்டுனது திரும்ப வளந்துருச்சா?" என்று கேட்பார்கள். கேட்கிறவர்கள் வைத்தியம் படித்தவர்கள் இல்லை. கொழுந்து நிறுக்கிற தராசைத் தவிர வேறு தராசைக் கண்டவர்களும் இல்லை.

வீட்டுக்குள்ளேயும் ஒருத்தி இருந்தாள். என் கணவரின் அக்கா பாக்கியம். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். புருஷன் தவறிய பிறகு எங்களோடுதான் இருக்கிறாள். குச்சி மாதிரி உடம்பு. மடியில் ரொட்டியும் சம்பலும் வைத்துக்கொண்டு, என் கோப்பையில் இருக்கிற கொஞ்சம் பருப்பைப் பார்த்துச் சொல்வாள்: "வயித்த அறுத்துக்கிட்டு வந்தும் இதே லட்சணம். நான் ஒன்னத்தையும் அறுக்கல. ஒடம்பு எப்பிடி இருக்கு பாரு. எல்லாத்துக்கும் மனசு வேணும்." மனசைப் பற்றி அவள் பேசும்போது வாயில் ரொட்டி இருக்கும்.

அந்த நேரத்தில் ஒரு பெண் எங்கள் தையல் கடைக்கு வந்தாள். மெலிவதற்கு மாவு விற்கிறவள். "அக்கா, இத கரைச்சுக் குடிச்சா முள்ளு ஓடும்" என்று போனில் இரண்டு படம் காட்டினாள். ஒன்றில் குண்டான பெண், மற்றதில் ஒல்லியான பெண். இரண்டும் ஒரே ஆள் என்றாள். இரண்டு படத்திலும் முகத்தைப் பூ போட்டு மறைத்திருந்தாள். நான் உடம்பு அளந்து பிழைக்கிறவள். உடம்பு மெலியும், தோள் எலும்பு குறுகாது. "ரெண்டும் வேற வேற ஆளு. எடுத்துக்கிட்டுப் போ" என்று அனுப்பிவிட்டேன். அவள் வெட்கப்படவே இல்லை. பக்கத்துக் கடைக்குள் நுழைந்தாள்.

மாவை வாங்காத நான், அதைவிட மோசமான வேலை செய்தேன். சாப்பிடுவதை நிறுத்தினேன். காலையில் பால் இல்லாத பிளேன்டீ, மத்தியானமும் பிளேன்டீ. சாப்பிடாவிட்டால் முள் எங்கே போகும் என்று நினைத்தேன். எங்கேயும் போகவில்லை. தலைமுடி கொத்தாக வந்தது. ஊசியில் நூல் கோர்க்கும்போது கண் இருட்டியது. ஒருநாள் பஸ்ஸில் இருந்து இறங்கும்போது தலை சுற்றிப் படியிலேயே விழுந்தேன். "நெறைய சாப்பிட்டா இப்பிடித்தான்" என்று யாரோ பின்னால் சொன்னார்கள். நான் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

கார்த்திகை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. கோயில் லயத்துக்கு மேலே, பாறையின் உச்சியில் இருக்கிறது. கல்யாணமாகி வந்த புதிதில் ஏறியது. உடம்பு பெருத்த பிறகு கீழே நின்றே கும்பிடுவேன். அன்றைக்கு வெறுப்பில் ஏறினேன். பீலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தேயிலை மலை வளைவில் உட்கார்ந்தேன். கோயில் படியிலும் உட்கார்ந்தேன். உள்ளே போனபோது அழுகை வரவில்லை, ஏச்சுதான் வந்தது. நல்லவேளையாகப் பூசாரி இல்லை.

"ஊரே சிரிக்குது. நீயும் சேந்து சிரிக்கிறியா? தாயின்னு சொல்லிக்க வெக்கமா இல்ல? சும்மா கல்லுன்னு சொல்றாங்களே, அது சரிதானா? உனக்கு வாயிருந்தா ஒரு வழியச் சொல்லு."

இதுதான் என் பிரார்த்தனை. மலர் இல்லை, கற்பூரம் இல்லை.

மறுநாள் காலையில் போன் வந்தது. கொழும்பு கிளினிக்கில் இருந்து ஒரு மிஸ். சாப்பாட்டு விஷயம் சொல்லித் தருகிறவர். "ஏன் கிளினிக்குக்கு வரல?" என்றார். முள் நின்ற வெட்கத்தில் நான் போகவில்லை. "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். அவர் ஏசினார். எனக்கு ஏச்சு புதிதில்லை. ஆனால் என் நன்மைக்கு ஏசிய ஏச்சு அந்த வருடத்திலேயே அது ஒன்றுதான்.

அடுத்த வாரமே போனேன். மிஸ் நிதானமாகச் சொன்னார். "முள்ளு நிக்கிறது இந்த ஆப்பரேஷன் செஞ்ச எல்லாருக்கும் ஒரு கட்டத்துல நடக்குறதுதான். கொறைஞ்ச எடைக்கு ஒடம்பு பழகுது. பட்டினி கெடந்தா சதைதான் கரையும், பெலன் போயிரும். முட்டை, மீன், பருப்பு மொதல்ல. எடம் இருந்தா மட்டும் சோறு. சாப்பிடையில தண்ணி வேணாம். விட்டமின் குளிசைய விட்றாதீங்க. தராசுல மாசத்துக்கு ஒரு தரம் ஏறுனா போதும். நடங்க. மேடு இருந்தா ஏறுங்க."

"எங்க ஊர்ல மேட்டத் தவிர வேற ஒன்னுமில்ல மிஸ்" என்றேன்.

அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் கோயிலுக்கு ஏறினேன். பக்தியில் ஏறினேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அம்மனை ஏசுவதற்கு ஏறினேன். முள்ளை நகர்த்தச் சொன்னால் கிளினிக்கில் இருந்து போன் வர வைத்திருக்கிறாள் என்று கோபம். அன்றன்றைக்கு யார் என்ன சொன்னார்களோ, எல்லாவற்றையும் கொண்டுபோய் அவள் முன்னால் கொட்டுவேன். பீலியில் சிரித்தவள், பஸ்ஸில் இரண்டு டிக்கெட் எடுக்கச் சொன்னவன், அண்ணி. அண்ணிக்கு மட்டும் தனி நேரம் வேண்டும். சொல்ல ஆள் கிடைத்ததால் மழையிலும் ஏறினேன், பனியிலும் ஏறினேன். மனசு தளர்கிற நாளில் லயத்தில் யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்கள். உடனே செருப்பைப் போட்டுக்கொள்வேன்.

தை மாதத்துக்குப் பிறகு வழியில் உட்காருவது தானாக நின்றது. கிளினிக்கில் சீனிக் குளிசையைப் பாதியாகக் குறைத்தார்கள். என் ரவிக்கை அளவும் குறைந்திருந்தது. ஆனால் முள் தொண்ணூற்றைந்தைத் தாண்டவில்லை. "ஒரு கிலோ. இதுக்குத்தான் தெனம் ஏறி எறங்குறியா?" என்று அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இந்த வருடம் ஆனி மாதம் மழை பிடித்தது. விடவே இல்லை. அதற்குள் அண்ணி பீலியில் வழுக்கி விழுந்து, முழங்கால் வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடந்தாள். ஒருநாள் காலையில் எங்கள் அடுப்படிச் சுவர் அடியில் இருந்து தண்ணீர் வந்தது. செம்மண் நிறம். வெளியே போய்ப் பார்த்தேன். மேலே தேயிலைச் செடிகள் நேராக நிற்கவில்லை, சரிந்து நின்றன. கோயில் மைக்கில் பூசாரி கத்தினார். "மலை வெடிச்சிருக்கு. சாமான எடுக்காதீங்க. எல்லாரும் கோயிலுக்கு ஏறுங்க."

எல்லாரும் ஓடினார்கள். சாமான் எடுக்காதே என்றால் யார் கேட்கிறார்கள்? ஒரு டிவியை இரண்டு ஆண்பிள்ளைகள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். "அண்ணி உள்ள இருக்காங்க, ஒரு கை குடுங்க" என்று கேட்டேன். "இந்தா வந்துர்றோம்" என்று சொல்லிப் போனார்கள். இன்னும் வரவில்லை.

அண்ணி கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். "நீ போ ராணி. உன்னால உன்னையே தூக்க ஏலாது" என்றாள். அந்த நேரத்திலும் அவளுக்கு அதுதான் வாயில் வந்தது. நான் பழைய சேலை ஒன்றை இழுத்து, அவளை முதுகில் சேர்த்து, என் இடுப்பிலும் நெஞ்சிலும் சுற்றி முடிச்சுப் போட்டேன். மாவுக்கட்டுக் காலைக் கையில் பிடித்துக்கொண்டேன். வெளியே இறங்கினேன்.

பீலியைத் தாண்டினேன். வளைவைத் தாண்டினேன். மழை முகத்தில் அடித்தது. "அம்மா" என்ற ஒரு சொல்லைத் தவிர எனக்கு வேறு பிரார்த்தனை வரவில்லை. முதுகில் இருந்து அண்ணி, "மெதுவா போ, காலு இடிக்குது" என்றாள். கண் தெரியாத மழையில் என் கால்கள் தாமாகவே வழி கண்டுபிடித்தன. எந்தக் கல் ஆடும், எந்த இடம் வழுக்கும் என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. கோயில் படியில் ஏறும்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. லொறியில் இருந்து கல் கொட்டுகிற மாதிரி, ஆனால் நிற்காத சத்தம். திரும்பிப் பார்த்தேன். லயத்தின் கடைசிப் பக்கம் இல்லை. எங்கள் அடுப்படியும், அண்ணி கிடந்த கட்டிலும் மண்ணுக்குள் போயிருந்தன.

உயிர்ச்சேதம் இல்லை. டிவியும் பத்திரமாக வந்து சேர்ந்தது.

அம்மனுக்கு முன்னால் அண்ணியை இறக்கினேன். மூச்சு வாங்கியது. ஆனால் நிற்கவில்லை, சீராக வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் முள்ளைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அம்மன் பதில் சொல்லாமல், அரை வருடமாக என்னை அந்த மலையில் ஏற்றி இறக்கி வைத்திருக்கிறாள். என் ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு என் காலுக்குப் பெலன் ஏற்றியிருக்கிறாள். அன்றைக்குத்தான் அழுதேன்.

பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். நான் தூக்கி வந்ததைப் பார்த்தவர்கள் இருக்கும்போதே, "நான் அவளப் புடிச்சுக்கிட்டு நடந்துதான் வந்தேன்" என்று அண்ணி அக்கம்பக்கத்தில் சொன்னாள். மனிதர்கள் திருந்துவார்கள் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் மத்தியானச் சோற்றுப் பார்சலைப் பிரித்ததும் அவளுடைய முட்டையை எடுத்து என் பக்கம் தள்ளினாள். "முட்டைய நீ தின்னு. ஒனக்கு மொதல்ல அதுதானே. சோத்த இங்க குடு." அதை அன்பு என்று சொல்வதா, சோற்று ஆசை என்று சொல்வதா, எனக்குத் தெரியாது. முட்டையைச் சாப்பிட்டேன்.

இப்போது தோட்டத்தில் வேறொரு பக்கத்தில் தற்காலிக வீட்டில் இருக்கிறோம். அண்ணியும் கூடத்தான். போன மாதம் தொண்ணூற்றிரண்டு. முள் மெதுவாகத்தான் நகர்கிறது. நகரட்டும். ராத்திரியில் மூச்சு நிற்பதில்லை என்று லீவில் வந்துபோகிற என் கணவரும் சொல்கிறார்.

என்னைப் போல ஆப்பரேஷன் செய்து, முள் நின்றுபோய், வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். மாவு வாங்காதீர்கள். பட்டினி கிடக்காதீர்கள். வெட்கப்படாமல் கிளினிக்குக்குப் போங்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், மலை சரிகிற அன்று அவர்களுக்கு டிவி தூக்குகிற வேலை இருக்கும். நீங்கள் உங்கள் தாயிடம் போங்கள். நல்ல வார்த்தை வராவிட்டால் கெட்ட வார்த்தையோடு போங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். ஆனால் நடந்து போங்கள்.