ஒட்சிசன் மெஷினுக்கு ஒரு வீடு

நுரையீரல் கெட்டுவிட்டது என்று டொக்டர் சொன்னபோது எனக்கு ஆச்சரியமில்லை. பொத்துவில் அரிசி ஆலையில் உமித் தூசி, கொழும்பில் பேக்கரி அடுப்பு, எங்கே போனாலும் சிகரட். எட்டாம் வகுப்போடு கிளம்பியவன், ஓரிடத்தில் இரண்டு வருடம் தங்கியதில்லை.

ஆஸ்பத்திரி வாட்டில் மூக்குக் குழாயை மாட்டினால் நடப்பேன். கழற்றினால் கழிவறை வரை போவதற்குள் உதடு நீலமாகிவிடும். வீட்டுக்குப் போக என்ன வழி என்று டொக்டர் விளக்கினார். சிலிண்டர் தீரத் தீர மாற்ற வேண்டும். காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரிக்கும் மெஷினுக்குக் கரண்ட் போதும், ஆனால் நாளுக்குப் பதினைந்து மணித்தியாலம் மாட்டியிருக்க வேண்டும். முகமூடி போட்டு மூச்சைத் தள்ளும் மெஷின் எனக்கு இன்னும் தேவைப்படவில்லை.

"மெஷின் தரலாம். எந்த வீட்டில வைக்கிற?" என்று தாதி கேட்டார்.

எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்கு உரியது. ஆண் மனைவி வீட்டில் இருப்பான். நான் மனைவியைப் பிரிந்து பல வருடம். உம்மாவின் வீடு தங்கச்சிக்குப் போனது. அதைத் திருத்திக் கட்டியபோது நான் ஊரில் இல்லை.

பார்க்க வந்த தங்கச்சியிடம் கேட்டேன்.

"அது இப்ப எண்ட வீடில்ல காக்கா. மகள்ட பேருக்கு எழுதியாச்சி. நானே பின்னறையில கிடக்கன். அவளிட்டக் கேளுங்க."

மறுநாள் தங்கச்சியின் மகள் கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வந்தாள். அதற்குமுன் அவளை மூன்று தடவை கண்டிருப்பேன்.

"ஒட்சிசனுக்குக் கிட்ட நெருப்புப் பட்டா மூஞ்சி வெந்துருமாம். சிகரட்ட விட்டுட்டீங்களா மாமா?"

"ஓம். ஒம்பது நாள்."

"வாட்டுல குடிக்க விடமாட்டாங்க. எங்கட வீட்ட வந்தா?"

தங்க இடம் கேட்டு எத்தனையோ ஊரில் பொய் சொல்லியிருக்கிறேன். அவளுக்கோ வீட்டில் பிள்ளை இருந்தது.

"தெரியா மகள்," என்றேன்.

"அப்ப நெருப்புப்பெட்டி எண்ட கையிலதான். ஆசை வந்தா என்னட்டச் சொல்லுங்க. ஒளிச்சிக் குடிச்சா மெஷின் உள்ளுக்கு, நீங்க வெளிய."

அதற்குப் பிறகு தாதி எல்லாவற்றையும் அவளுக்கே விளக்கினார். ஒட்சிசன் அளவை இரண்டு லீற்றருக்கு மேல் கூட்டக்கூடாது. மூச்சு முட்டுகிறது என்று கூட்டினால் என் போன்றவர்களுக்கு மயக்கம் வரும். கரண்ட் போனால் மாட்ட ஒரு சிறிய சிலிண்டர். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள்.

"சத்தம் போடுமா மிஸ்? பிள்ளை நித்திரை கொள்ளணும்."

"கொஞ்சம் இரையும்."

அவள் யோசித்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்ப மாமாட கட்டில முன் ஹோல்ல போடுவம்," என்றாள்.