ஸ்தோத்திரம் அப்புறம் சொல்லலாம்

“...அதெல்லாம் இருக்கட்டும். கண்ணுல தூக்கம் வருதா, சோறு உள்ள எறங்குதா, அத மொதல்ல சொல்லு. ஸ்தோத்திரம் அப்புறம் சொல்லலாம்,” என்று ரோஸி அக்கா குறுக்கே பேசியபோது, கூடத்தில் இருந்த எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத என் மகள் என் மடியில் இருந்தாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை.

ரோஸி அக்கா நான் தங்கியிருந்த இல்லத்தின் பொறுப்பாளர். கல்யாணம் ஆகாமலோ கைவிடப்பட்டோ, வயிற்றில் பிள்ளையோடு வருகிற பெண்களைப் பிரசவம் வரைக்கும், அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் வைத்துப் பார்த்துக்கொள்கிற இல்லம், ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம். அங்கே காலை ஜெபத்தில் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கொரு ஸ்தோத்திரம் சொல்வது வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் அழ வேண்டியவள் எப்போது அழுவது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. நான் தினமும் “சொகமா வெச்சிருக்கிற தேவனுக்கு ஸ்தோத்திரம்” என்பேன். சுத்தப் பொய்.

பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் டெய்லராக இருந்தேன். கட்டிக்கொள்கிறேன் என்றவர், விஷயம் தெரிந்ததும் போன் நம்பரை மாற்றிவிட்டார். துப்பட்டாவை அகலமாக விரித்துப் போட்டு வயிற்றை மறைத்துக்கொண்டு, மெஷின்மேல் குனிந்தே இருந்தேன். ஆனேக்கலில் இருக்கும் அம்மாவிடம் கம்பெனி ஹாஸ்டலுக்கு மாறிவிட்டேன் என்று சொன்னேன். கூட வேலை செய்த ஒருத்திதான் என்னை இல்லத்தில் கொண்டுவந்து விட்டாள். யாரும் தேடி வந்து தொல்லை செய்யக்கூடாது என்று, உள்ளே வருகிறவர்களுக்கு அங்கே வேறு பெயர் வைப்பார்கள். எனக்குக் கிருபா. பக்கத்துப் பாயில் இருந்தவளுக்கு மார்த்தா.

பிரசவம் நல்லபடியாக ஆனது. ஆனால் குழந்தையைப் பார்த்தால் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. இதை எழுதவே கை கூசுகிறது. கார்மென்ட்ஸ் லைனில் சட்டைக்குக் காலர் தைத்துத் தள்ளுகிற மாதிரி பால் கொடுப்பேன், துணி மாற்றுவேன், கீழே கிடத்துவேன். தூக்கம் இல்லை. நான் இல்லாமல் போனால் இதற்காவது ஒரு நல்ல அம்மா கிடைப்பாள் என்றே நினைப்பு ஓடும்.

மார்த்தா கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிறவள். “ஏனே, உனக்கும் உன் மகளுக்கும் சண்டையா? அவ மொகத்தக்கூட பாக்க மாட்டேங்கிற,” என்று கிண்டல் செய்தாள். பாசம் வரவில்லை என்று மெதுவாகச் சொன்னேன். சட்டென்று என் வாயைப் பொத்தினாள். “சும்னிரே! அக்கா காதுல விழுந்தா பாப்பாவ வாங்கி வேற யாருக்காவது குடுத்துடுவாங்க.”

அதோடு வாயை மூடிக்கொண்டேன். இன்னொரு வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கொடுத்துவிட்டால் நல்லதோ என்றும் தோன்றியது. அடுத்த நிமிடமே, பிள்ளையை எடுத்துவிட்டால் தாங்க மாட்டேன் என்றும் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபை அம்மாமார் கேக்கும் குழந்தைக்குக் கவுனும் கொண்டு வருவார்கள். “அம்மான்னா சிரிச்ச மொகமா இருக்கணும் கிருபா,” என்பார்கள். என் தலையில் கை வைத்துக் கிருபாவுக்காக உருகி ஜெபிப்பார்கள். நல்ல மனசுக்காரர்கள். எனக்குத்தான் வேறு யாருக்கோ வந்த பார்சலை வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி இருக்கும்.

ஒரு நாள் குளியலறையில் சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டு, முதல் முறையாக என் சொந்தப் பெயரைச் சொல்லி ஜெபித்தேன். “ஆண்டவரே, நான் கிருபா இல்ல, செல்வி. பெத்த பிள்ளைமேல எனக்குப் பாசம் வரல. நானா சொல்ல வெக்கமா இருக்கு. யாராவது என்னைக் கேக்கட்டும்.” அவ்வளவுதான். அழகான வார்த்தை ஒன்றும் இல்லை.

மறுநாள் காலையில்தான் ரோஸி அக்கா அப்படிக் குறுக்கே பேசினார். நான் என் சோற்றை மார்த்தாவின் தட்டில் தள்ளுவதை அவர் கவனித்திருந்தாராம். “வாய் ஸ்தோத்திரம் சொல்லுது, தட்டு வேற என்னமோ சொல்லுதேன்னு பாத்தேன்,” என்று பிறகு சொன்னார். பல நாளாகப் பார்த்தவர் அன்றைக்கு ஏன் கேட்டார்? அதைத்தான் தேவன் என் ஜெபத்தைக் கேட்டதற்குச் சாட்சி என்கிறேன்.

அன்றைக்கே அக்கா கூட்டிப்போன மனநல டாக்டரம்மா என்னைப் பார்த்துவிட்டு, “இது பிரசவத்துக்கு அப்புறம் நெறைய பேருக்கு வர்ற நோய்மா, உன் கொணம் இல்ல,” என்றார். மாத்திரை சாப்பிட்டேன். வாராவாரம் போய்ப் பேசினேன். மாத்திரை எடுப்பது விசுவாசக் குறைவு என்று சபையில் ஒருவர் சொன்னபோது, “உங்க சுகர் மாத்திரைய நிறுத்திட்டீங்களா அண்ணே?” என்று ரோஸி அக்கா கேட்டார். அந்த அண்ணன் உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். பாசம் ஒரே நாளில் வரவில்லை. ஒரு தடவை குழந்தை தும்மிவிட்டுத் தானே பயந்துபோய் முழித்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மார்த்தா எல்லாரையும் கூப்பிட ஓடினாள்.

இன்று மகள் அங்கன்வாடிக்குப் போகிறாள். நான் மறுபடியும் மெஷினில் உட்காருகிறேன். அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் இன்னும் பேத்தியைப் பார்க்க வரவில்லை, அதற்காகவும் ஜெபிக்கிறேன். வெட்கம் முழுதாகப் போய்விட்டது என்றால், அதுவும் என் பழைய ஸ்தோத்திரம் மாதிரிப் பொய்தான். லீவு நாளில் இல்லத்துக்குப் போய்ப் புதிதாக வந்தவர்களோடு உட்காருவேன். காலை வட்டத்தில் இப்போது கஷ்டத்தையும் சொல்லலாம்.

அப்படிப்பட்ட இல்லங்களுக்காக ஜெபிக்கிறவர்களே, போகும்போது கேக்கோடு ஒரு கேள்வியும் கொண்டு போங்கள். தூங்கினாயா என்று கேளுங்கள். என்னைப் போல் வாயை மூடிக்கொண்டிருக்கும் சகோதரியே, யாராவது கேட்க வேண்டும் என்று தேவனிடம் கேள். அவர் அனுப்புவார். கேட்டால் உள்ளதைச் சொல்.

நான் அன்றைக்குச் சொன்னேன். எல்லார் முன்னாலும், “தூக்கம் இல்லக்கா. பிள்ளமேல பாசமும் வரல,” என்றேன். மார்த்தா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ரோஸி அக்கா பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து என்னிடம் வந்தார். குழந்தையை வாங்கத்தான் வருகிறார் என்று நான் கையை இறுக்கினேன். அவர் வாங்கவில்லை. என் பாயில் உட்கார்ந்து, குழந்தையோடு சேர்த்து என்னைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, இன்னொரு கையால் ஆட்டோவுக்குப் போன் செய்தார்.