முப்பத்திரண்டு அங்குலப் பொறாமை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சகலன் எங்கள் கதவைத் தட்டினால் கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். பைக்குள் ஒரு காட்டு வாத்து இருக்கும். என் மனைவியின் அக்காவைக் கட்டியவர் அவர்; இருப்பது மனோர் பார்க். அங்கிருந்து கோலியர்ஸ் வுட் வரை லண்டனைக் குறுக்காகக் கடந்து ஒரு செத்த வாத்தைக் கொண்டு வருவார். வேலையிடத்து வெள்ளைக்கார நண்பர் ஒருவர் எசெக்ஸ் பக்கத்துச் சதுப்பு நிலத்தில் வேட்டைக் கிளப் உறுப்பினர். அவரோடு போய்ச் சுட்டதாம்.

"இஞ்சாருங்கோ, அத்தான் சுட்ட வாத்து!" என்று என் மனைவி கூவும் கூவலில் பக்கத்து வீட்டுப் பூனை எழும்பும். வறுத்த தூள் போட்டுப் பிரட்டல் கறி வைப்பாள். சாப்பிடும்போது அவள் பல்லில் ஓர் ஈயக் குண்டு அகப்படும். அதைத் துப்பி, சோற்றுக் கோப்பையின் ஓரத்தில் "டிங்" என்று வைத்து, "பாத்தியளே, அத்தான்ர வெடி" என்பாள். நான் பொரித்த மீனோ வாங்கிய கோழியோ அப்படி ஒரு "டிங்" போட்டதில்லை.

என் மேசையில், நான் சுட்ட வாத்தில், என் ஈயக் குண்டு ஒன்று. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு வாழ்க்கையில் வேறு ஒரு லட்சியமும் இருக்கவில்லை.

இதில் ஒரு சின்னச் சிக்கல். நாங்கள் துவக்கு என்கிற துப்பாக்கியைக் கண்டு ஓடி லண்டனுக்கு வந்தவன் நான். எண்பத்து நாலில் தஞ்சம் கேட்டபோது, துவக்கென்றால் எனக்கு எவ்வளவு பயம் என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தவன். அப்படிப்பட்டவன் இப்போது பொலிஸிடம் போய், "ஐயா, எனக்கு ஒரு துவக்கு வேணும்" என்று படிவம் நிரப்ப வேண்டும். பழைய படிவத்தையும் புதுப் படிவத்தையும் யாரோ பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதாக மூன்று இரவு கனவு கண்டேன்.

துவக்கைப் பூட்டி வைக்க இரும்புப் பெட்டி வேண்டும், அதைச் செங்கல் சுவரில் ஆணியடித்து இறுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டின் உள்சுவர்கள் எல்லாம் தட்டினால் தகரம் போலச் சத்தம் போடுபவை. உறுதியான சுவர் ஒன்றே ஒன்று, சாமி அறைச் சுவர்.

"வாத்துச் சுடுற சாமானைச் சாமிக்குப் பக்கத்திலையோ?" என்றாள் மனைவி.

"உம்மட அக்கா சரஸ்வதி பூசைக்கு அத்தான்ர துவக்குக்குச் சந்தனம் வைச்சவதானே?"

அத்தான் செய்ததென்றால் அவளுக்கு மறுபேச்சில்லை. அது எனக்கு வசதியாகவும் இருந்தது, வயிற்றையும் எரித்தது.

பெட்டியைப் பார்க்க ஒரு பொலிஸ்காரர் வந்தார். சீருடையைக் கண்டதும் அவர் கேட்காமலே நான் இரண்டு கைகளையும் மேலே தூக்கினேன். பிறகு சோம்பல் முறிப்பதுபோல் நடித்தேன். "அவரைச் சப்பாத்தைக் கழட்டச் சொல்லுங்கோ" என்று மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். அந்த நல்ல மனிதர் சப்பாத்தைக் கழற்றி, பெருவிரல் ஓட்டையோடு இருந்த காலுறையுடன் சாமி அறைக்குள் வந்து முருகனின் வேலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எதற்காகத் துவக்கு?" என்று கேட்டார்.

சகலனுக்காக என்று சொல்ல முடியுமா? "வாத்து" என்றேன்.

"சாவி எங்கே இருக்கும்?"

"பிள்ளையாருக்குக் கீழ" என்று மனைவி தமிழில் பதில் சொன்னாள். நான் அதை, "எனக்கு மட்டும் தெரிந்த பத்திரமான இடத்தில்" என்று மொழிபெயர்த்தேன். அன்றே சாவியை இடம் மாற்றினேன்.

அனுமதிப் பத்திரம் வந்தது. இனித் துவக்கைத் தெரிவு செய்ய வேண்டும். மற்றவர்கள் எதைப் பார்த்துத் தெரிவு செய்வார்களோ தெரியாது; நான் சகலன் வீட்டுக்குப் போனேன். அவர் பெருமையாகத் தன் துவக்கைக் காட்டிவிட்டுத் தேத்தண்ணி எடுக்கக் குசினிக்குள் போன நேரம், மனைவியின் அக்காவுடைய தையல் நாடாவை எடுத்துக் குழலை அளந்தேன். இருபத்தெட்டு அங்குலம். மனதில் எழுதிக்கொண்டேன்.

கடைக்காரக் கிழவர் பொறுமைசாலி. தோளில் பதியும் கட்டையை, நாங்கள் சோங்கு என்கிற அந்தப் பகுதியை, என் முழங்கை மடிப்பில் வைத்து அளந்தார். தன் மூக்கை நோக்கி விரல் நீட்டச் சொன்னார். நான் வலக்கைக்காரன், ஆனால் என் இடக்கண்தான் குறி பார்க்கிறதாம். "உங்கள் உயரத்துக்குக் கட்டை குட்டையாக இருக்க வேண்டும். இருபத்தெட்டு அங்குலக் குழல், சாதாரணத் தோட்டா, பாரம் குறைவு. சதுப்பில் பறக்கும் வாத்துக்கு அது தாராளம்" என்றார்.

"இதைவிட நீளமானது இல்லையா?"

"முப்பது இருக்கிறது."

"அதைவிட?"

கிழவர் கண்ணாடியைக் கழற்றினார். "சேர், உங்கள் வாத்துகள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன?"

மனோர் பார்க்கில் என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கினேன். மருந்து கூடிய மூன்று அங்குல மேக்னம் தோட்டா போடும், முப்பத்திரண்டு அங்குலக் குழலுள்ள ஓர் இரும்பு யானையை வாங்கினேன். கிழவர் தலையை ஆட்டியபடியே பொதி கட்டினார்.

முதல்முறை சதுப்புக்குப் போனபோது விடியவில்லை. சேறும் குளிரும் முழங்கால் வரை. நான் உறையிலிருந்து யானையை உருவ, சகலன் கிட்ட வந்து குழலைத் தடவினார்.

"எத்தினை இஞ்ச், தம்பி?"

"முப்பத்திரண்டு, அண்ணை."

"ஓ" என்றார். கலியாணப் பந்தலில் கேட்ட நாதஸ்வரம்கூட அந்த "ஓ" அளவுக்கு இனிக்கவில்லை.

பிறகு வாத்துகள் வந்தன. நான் சுட்டேன். வானத்தில் ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் என் தோளில். அடுத்த கணம் நான் சேற்றில் குந்தியிருந்தேன்.

"தம்பி, வாத்து மேல போகுது, நீர் ஏன் கீழ போறீர்?" என்றார் சகலன். வெள்ளைக்கார நண்பருக்கு அதை ஆங்கிலத்திலும் சொன்னார்.

அவர் இரண்டு விழுத்தினார். திரும்பும்போது ஒன்றை என் பையில் போட்டு, "வீட்டிலை மச்சாளிட்டை நீர் சுட்டதெண்டு சொல்லும்" என்றார். அந்தப் பெருந்தன்மையை அவர் காட்டாமல் விட்டிருக்கலாம். வீட்டில் மனைவி வாத்தைப் பார்த்தாள், என் காற்சட்டையின் பின்பக்கத்துச் சேற்றைப் பார்த்தாள். "அத்தான் நல்லாச் சுட்டிருக்கிறார்" என்றாள்.

நீலம் பாய்ந்த தோளோடு கடைக்குப் போய், துவக்கை மாற்ற வேண்டும் என்றேன். கிழவர் ஆச்சரியப்படவில்லை. பழைய துவக்குகள் சாத்தியிருந்த தட்டைக் காட்டினார். கையில் எடுத்த மூன்றாவதை நான் எங்கோ பார்த்திருந்தேன். பிடியில் செதுக்கிய கோடுகளுக்குள் மஞ்சளாக ஏதோ காய்ந்து கிடந்தது. முகர்ந்தேன். சந்தனம்.

"போன செவ்வாய்க்கிழமை ஒருவர் கொடுத்துவிட்டுப் போனார்" என்றார் கிழவர். "உங்கள் ஊர்க்காரர் போலிருந்தது. முப்பத்திரண்டு அங்குல மேக்னம்தான் வேண்டும் என்று அடம் பிடித்தார். சொல்லிப் பார்த்தேன், அவரும் கேட்கவில்லை."

சகலன் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறார்! என்னைப் பார்த்து! கடை நடுவில் எனக்குச் சிறகு முளைத்தது. ஒரு நிமிடம்தான். அந்த மேக்னத்தால் அவர் கிழமைக்கு நாலு வாத்துக் கொண்டு வந்தால்? சிறகு உதிர்ந்தது. அவருடைய பழைய துவக்கையே வாங்கினேன். கிழவர் என் அளவுக்குச் சோங்கில் ஓர் அங்குலம் அறுத்தார், என் மூக்குக் கண்ணாடியின் இடப்பக்கம் ஒரு துண்டு டேப் ஒட்டினார். இடக்கண் ஓய்வெடுத்தது.

கந்தசஷ்டி விரதம் வந்து ஆறு நாள் துவக்கு முருகனோடு சும்மா இருந்தது. விரதம் முடிந்து சனிக்கிழமை போனோம். சகலன் உறையிலிருந்து என் யானையின் தம்பியை உருவினார். நான் அவருடைய பழசை உருவினேன். இருவரும் நெடுநேரம் வாத்து வரும் திசையையே பார்த்தோம்.

"சோங்கைக் குறைச்சுப் போட்டீர் போல" என்றார் கடைசியில்.

"ஓம் அண்ணை."

வாத்துகள் வந்தன. சகலனின் மேக்னம் இடித்தது. அவர் குந்தவில்லை, ஆனால் இரண்டு எட்டுப் பின்னால் போனார். மூன்று கிழமையாக வாய்க்குள் வைத்திருந்ததை எடுத்தேன். "அண்ணை, வாத்து முன்னுக்குப் போகுது, நீங்கள் ஏன் பின்னுக்குப் போறியள்?" அவர் சிரித்த சிரிப்பில் மிச்ச வாத்துகள் திரும்பின. அதில் ஒன்று என் தலைக்கு மேலே வந்தது. சுட்டேன். விழுந்தது. நம்பாமல் நான் வெள்ளைக்கார நண்பரைப் பார்த்தேன். அவர் என்னைக் கைகாட்டினார்.

ஞாயிறு சகலன் குடும்பமும் சாப்பிட வந்தது. மனைவி என் வாத்துக் கறியில் ஒரு துண்டை வாயில் வைத்தாள். நான் அவள் பல்லையே பார்த்தேன்.

"நல்லா இருக்கு" என்றாள். பிறகு அக்காவைப் பார்த்து, "காலமை விளக்குக் கொளுத்தேக்கை பாத்தனான், இவர் துவக்குத் துடைச்சுக்கொண்டிருந்தவர். நீங்கள் வைச்ச சந்தனம் இன்னும் அப்படியே இருக்கு, அக்கா. அத்தான்ர துவக்கெண்டால் சும்மாவே?"

சகலன் சோற்றுக்குள் முகத்தை மறைத்தார். அவர் தோள் குலுங்கியது.

அந்த நேரம் என் கடைவாய்ப் பல்லில் ஏதோ நறுக்கென்றது. பல்லே உடைந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டேன். துப்பினேன். துவக்கு யாருடையதோ, குண்டு என்னுடையது. கோப்பையின் ஓரத்தில், மேசையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "டிங்" என்று வைத்தேன்.