சத்தத்தை நிறுத்திப் பார்த்தவர்

மில்லிக்கன் பிளாசாவில் இருந்த கோப்பிக் கடையில்தான் அவரைக் கண்டேன். தொப்பியைக் கழற்றாத, நரைத்த மீசைக்காரர். அமெரிக்கக் கட்சிகள் தங்கள் ஜனாதிபதி வேட்பாளரைத் தெரிவுசெய்யும் போட்டி அப்போது நடந்துகொண்டிருந்தது. பக்கத்து நாட்டில் குடியேறியிருந்த எங்கள் இருவருக்கும் அங்கே வாக்கில்லை. கடைக்காரர் ரிவி ரிமோட்டை அவரிடமே விட்டுவிடுவார். விவாதம் தொடங்கியதும் அவர் சத்தத்தை நிறுத்திவிட்டு முகங்களை மட்டும் பார்ப்பார்.

“அண்ணை, இந்த ஆள் இடதுசாரியோ?” என்று ஒருநாள் திரையில் தெரிந்த வேட்பாளரைக் காட்டிக் கேட்டேன்.

“உது எனக்கென்னத்துக்கு? அக்கா வன்னியிலை சண்டைக்குள்ளை நிக்கிறா. சண்டையை நிப்பாட்டச் சொல்லி நாங்கள் போன் அடிச்சா எடுக்கிற ஆளோ எண்டுதான் பாக்கிறன். உவர் எடுப்பார். வெல்லுவார்.”

அந்த ஆள் ஜனாதிபதித் தேர்தலிலும் வென்றார். அடுத்த வருடம் வன்னியில் எல்லாம் முடிந்தது.

அதன்பின் ஒருநாள் அதே மேசையில் அவரைக் கண்டேன். ரிவியில் புது ஜனாதிபதி பேசிக்கொண்டிருந்தார். இந்தமுறை மீசைக்காரர் சத்தத்தை முழுக்கக் கூட்டியிருந்தார். பேச்சு வங்கிகளைப் பற்றியது. அவருடைய அக்காவைப் பற்றிக் கேட்காமல் எதிரே உட்கார்ந்தேன்.

“என்ர கணிப்புச் சரிதானே, தம்பி?” என்றார்.

வெல்லுவார் என்றதையா கேட்டார், போனை எடுப்பார் என்றதையா? அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.