ஜெசிந்தாவின் வயலின்

கம்பி அறுகிற சத்தம் கேட்டால் இன்றும் எனக்கு ஜெசிந்தாவின் நினைவு வரும்.

இரணியலில் கோடை வயலின் முகாம். பாடம் நடத்தப் போன எங்கள் இசைக்குழுக்காரர்களில், தனித்து வாசிப்பவருக்கான முதல் நாற்காலி எனக்குக் கிடைத்ததால், அதற்கு ஆசைப்பட்டிருந்த பக்கத்து நாற்காலி ஜெசிந்தா என்னோடு பேசவேயில்லை.

நிறைவுக் கச்சேரியில், நான் தனித்து வாசிக்கும் இடம் நெருங்கியபோது என் கம்பி அறுந்தது. அப்படியானால் பக்கத்தில் இருப்பவர் தன் வயலினைத் தந்துவிட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எந்த வாயால் கேட்பேன்? அவள் வாசிப்பதைக் கேட்க இனயத்திலிருந்து வந்த அவள் அம்மா முன்வரிசையில் இருந்தார்.

நான் திரும்புவதற்குள் அவள் வயலின் என் கையில் இருந்தது. கம்பி அறுந்த என் வயலினை மடியில் வைத்து அவள் வாசிக்காமல் இருந்தாள். கைதட்டல் முழுவதும் எனக்கு. அது என் மேல் கல்லாக விழுந்தது.

ரயில் ஏறும்போது அவளே பேசினாள்:

“ஏட்டி, அடுத்த வருசம் புதுக் கம்பி போட்டுட்டு வா. நான் வாசிச்சு எங்கம்மைக்குக் கேக்கணுமாம்.”