அடியில் என்ன நிறம்

என் வீட்டுக்காரர் தையல்காரர். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற மனுஷர். கத்தரியில் கை தவறாது, நிறம்தான் பிடிபடாது. பச்சையும் பழுப்பும் அவர் கண்ணுக்கு ஒன்று; இளஞ்சிவப்பும் வெள்ளையும் அப்படித்தான். கல்யாணமான புதிதில் பச்சைச் சட்டைக்குப் பழுப்பு நூலில் காஜா எடுத்து வைத்தார். அன்றிலிருந்து மெஷினில் நூல் கோப்பது நான்தான். ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினால் கௌரவம் குறைந்துவிடுமாம்.

இந்த லட்சணத்தில் காளான் பைத்தியம் வேறு. மழை விட்டதும் பஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கும் புல்தரைக்குப் பையோடு கிளம்பிவிடுவார். வெள்ளைக் காளானைத் திருப்பிப் பார்த்தால், குடைக்கு அடியில் மடிப்புகள் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், வெள்ளையாக இருந்தால் தொடக்கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பார். நிறம் தெரியாதவர் நிறத்தை வைத்துப் பாடம் எடுத்தால் நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? கழுவுகிற சாக்கில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துப் பாதியை வீசுவேன்.

போன மழைக்கு, நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் அவரே கழுவி, நறுக்கி, வதக்கிவிட்டார். மாசமாக இருக்கும் மருமகள் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். நறுக்காமல் கிடந்த ஒன்றைத் திருப்பினேன். சுண்ணாம்பு வெள்ளை. தண்டின் அடியில் பை மாதிரி ஓர் உறை.

"எங்க பறிச்சீங்க?"

"மரத்தடியில. நல்ல பிங்க். பாத்துத்தானே பறிச்சேன்!"

"யாராவது வாயில வெச்சீங்களா?"

"இன்னும் உப்புகூட பாக்கல."

சட்டியோடு குப்பையில் கொட்டினேன். ஆசையாகச் சமைத்ததைக் கொட்டிவிட்டாளே என்று குதித்தார்.

"தின்ன உடனே ஒண்ணும் தெரியாது. தெரியும்போது ஈரல் போயிருக்கும். அவ வயித்துல ஒரு உயிர் இருக்குங்க!"

அவர் மருமகளின் காலித் தட்டைப் பார்த்தார். நறுக்காமல் கிடந்ததையும் அவரே எடுத்துக் குப்பையில் போட்டார்.

நேற்று மறுபடி மழை. மறுபடி பை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அடுப்படிப் பக்கம் போகாமல், நான் நூல் கோத்துக்கொண்டிருந்த மெஷின் மேல் ஒரு காளானைத் தலைகீழாக வைத்தார்.

"இது என்ன கலர்?"

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார்.

"பிங்க்தான். இருந்தாலும் தூக்கிப் போடுங்க. அன்னிக்கு பயந்தது போதும்."

முணுமுணுக்காமல் போய்ப் போட்டார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, என் பக்கத்தில் கிடந்த நூல்கண்டை எடுத்து நீட்டினார்.

"அப்ப இது?"